ஞானப்பூ கேட்ட சந்தேகம்

மூன்று நாளாக ஏசுதாசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் நடக்கத் தோன்றியது. நடந்தால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏழெட்டு எத்தனை என்பது மறந்துபோய்ப் பிள்ளைகளிடமே கேட்டான். வாத்தியார் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் எழுந்து நின்று பதில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் ஒரே ஒரு கேள்விதான் காரணம். கேட்டவள் அதைக் கேட்டுவிட்டுத் தன்பாட்டில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மாட்டிக்கொண்டவன் இவன்.

தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே, பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஊர் கிருபைபுரம். அங்கே சபைப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஏசுதாசன் வாத்தியார். ஆனால் வாத்தியார் என்று விசாரித்தால் பக்கத்து ஊர்க்காரனே முழிப்பான். வில்லுப்பாட்டுக்காரர் என்று விசாரித்தால் புளியங்குடி வரைக்கும் வழி சொல்வார்கள். கோயில் கொடைத் திருவிழாக்களில் மாடன் கதை பாடுகிற அதே வில், அதே குடம், அதே உடுக்கை. அவற்றை எடுத்துக்கொண்டு வேதக் கதைகளைப் பாடுகிறவன் அவன். ஆரம்பத்தில், மாடனுக்கு அடிக்கிற வில்லைச் சபைக்குள் கொண்டுவரலாமா என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவன் பாட ஆரம்பித்த அரைமணி நேரத்தில் சுளித்த முகங்கள் எல்லாம் துடைத்துக்கொள்ளத் துண்டு தேடின.

அவன் பாடுகிற கதைகளில் முதலிடம் சமாரியப் பெண்ணின் கதைக்குத்தான். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அவர்கள் தொட்ட பாத்திரத்தை இவர்கள் தொடமாட்டார்கள். உச்சிவெயிலில் வழிநடந்து களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்த இயேசு, தண்ணீர் எடுக்க வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். நீர் போய் என்னிடம் கேட்கலாமா என்று அவள் திகைத்து நிற்கிறாள். அந்த இடத்தில் ஏசுதாசன் வீசுகோலால் வில்நாணை ஓங்கி அடித்து, மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்க, ‘அள்ளி அள்ளிக் குடித்தாரே, ஐயன் தாகம் தீர்த்தாரே’ என்று எடுப்பான். பக்கத்தில் குடம் அடிக்கிற குற்றாலிங்கம் ‘ஆமா!’ என்று போடுகிற போடில் மரத்துக் காகம் எழுந்து பறக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பொலபொலவென்று கண்ணீர் விடுவார்கள். மேலத்தெருக்காரர்களும் விடுவார்கள், கீழத்தெருக்காரர்களும் விடுவார்கள். விட்டுவிட்டு அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

கிருபைபுரத்தில் தெரு இரண்டு, சபை ஒன்று. ஞானஸ்நானம் ஒரே தொட்டியில்தான். ஆனால் நல்ல தண்ணீர்க் கிணறு சபைக் கோயில் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தோண்டியது. மேலத்தெருப் பெண்கள்தான் அதில் இறைப்பார்கள். கீழத்தெருப் பெண்கள் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு கல்லில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மனசுள்ள யாராவது வந்து ஊற்றுவார்கள், வாளி குடத்தில் படாமல், உயரத்திலிருந்து. யாரும் வராவிட்டால் குளத்துத் தண்ணீர். இதற்குச் சட்டம் கிடையாது, எழுதி வைத்ததும் கிடையாது. எழுதி வைத்திருந்தாலாவது கிழித்துப் போடலாம்.

ஞானப்பூ கீழத்தெரு. நாற்பது வயது இருக்கும். அஞ்சாம் வகுப்புவரை படித்தவள், வயல் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏசுதாசன் வெளியே வரும்போது அவள் அந்தக் கல்லருகே குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வாத்தியாரையா, ஒரு சந்தேகம் கேக்கட்டுமா?”

“கேளு.”

“நேத்து பொம்பளைங்க கூட்டத்துல பாடுனீங்கள்லா, சமாரியாப் பொம்பள கதை. ஆண்டவரு அவகிட்ட தண்ணி கேட்டாரு. சரி. குடிச்சாரா?”

ஏசுதாசன் சிரித்தான். “பாடுனேன்லா? அள்ளி அள்ளிக் குடிச்சாருன்னு.”

“நீங்க பாடுதீங்க. வேதத்துல இருக்கா?”

“வேதத்துல இல்லாமலா பாடுதேன்?”

“நானும் எழுத்துக்கூட்டித் தேடிப் பாத்தேன். கெடைக்கல. என் கண்ணுக்குத்தான் தெரியலையோ என்னமோ. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அதற்குள் கிணற்றடியிலிருந்து “ஏட்டி ஞானப்பூ, குடத்தச் சரியா வையி” என்று குரல் வந்தது. ஏசுதாசனின் மனைவி ஜெயமணிதான். அவள் மனசுள்ளவள். யார் வந்து நின்றாலும் ஊற்றுவாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, தோள் உயரத்துக்கு ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். ஏசுதாசன் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். அன்றைக்கு என்னவோ அந்த உயரம் கண்ணில் உறுத்தியது.

வீட்டுக்குப் போய் வேதத்தை எடுத்து யோவான் சுவிசேஷத்தில் அந்த அதிகாரத்தைப் படித்தான். கேட்கிறார். அவள் திகைக்கிறாள். ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேச்சு வளர்கிறது. அவள் புருஷன்மார் கதை வருகிறது. சீஷர்கள் சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். குடித்தார் என்று மட்டும் எங்கேயும் இல்லை. மூன்று தடவை படித்தான். மற்ற மூன்று சுவிசேஷங்களையும் புரட்டினான். அங்கே அந்தக் கதையே இல்லை.

பதினோரு வருஷமாக ஆண்டவர் வாயில் தண்ணீரை ஊற்றியது ஏசுதாசன்தான்.

அன்றைக்குப் பிடித்தது தவிப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்குப் போய், வட்டாரச் சபைகளின் பாதிரியாரான சேகரத்து ஐயரைப் பார்த்தான். ஐயர் நல்ல மனிதர், படித்தவர். “கேட்டதுதான்யா முக்கியம். தண்ணி அங்க ஒரு சாக்கு. ஜீவத்தண்ணிய பத்திப் பேசத்தான் கேட்டார்” என்றார். வரும்போது இருந்ததைவிட அதிகத் தவிப்போடு ஏசுதாசன் திரும்பினான். தாகம் என்பது சாக்கா? வெயிலில் நடந்து வந்தவருக்கு நிஜமாகவே நாக்கு வறண்டிருக்காதா? கேட்டுவிட்டுக் குடிக்காமல் போனால், கொடுக்க வந்தவள் கையில் ஏந்திய தண்ணீரை என்ன செய்வாள்?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினான். வருகிற சனிக்கிழமை சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை. பகல் மூன்று மணிக்கு வில்லுப்பாட்டு, பொழுது சாய அசனம், அதாவது ஊர்ச் சாப்பாடு. ஒத்திகைக்குக் குற்றாலிங்கத்தைப் பிடிக்க வேண்டும். சீசன் நேரத்தில் அவனை அருவிக்கரையில்தான் பிடிக்க முடியும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன்.

சாரல் முகத்தில் அடித்தது. பேரருவி இரைச்சலில் காது அடைத்தது. குற்றாலிங்கம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தொந்தியைக் கல்லில் குப்புறப் போட்டு முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். குடத்துக்கும் முதுகுக்கும் அவன் பெரிதாக வித்தியாசம் பார்க்கிறவன் அல்ல. வில்லைத் தொடும்போது ஏசுதாசன் பிதாவுக்குத் தோத்திரம் சொல்வான். குற்றாலிங்கம் பிள்ளையாரை நினைத்துத் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்வான். இரண்டு பேருக்கும் இதில் சண்டை வந்ததே இல்லை.

ஏசுதாசன் விஷயத்தைச் சொன்னான். எண்ணெய்க் கை நிற்காமலே குற்றாலிங்கம் கேட்டுக்கொண்டான்.

“அப்போ பதினோரு வருசமா தெரியாத விசயத்துக்கா வே என்ன ஆமா போட வச்சீரு?”

“எனக்கும் தெரியாதுப்பா.”

“சரி, அவரு குடிச்சாரோ குடிக்கலையோ, அது ரெண்டாயிரம் வருசத்துக் கதை. நீரு குடிச்சிருக்கீரா?”

“எங்க?”

“உங்க ஊரு கீழத்தெருவுல.”

ஏசுதாசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னய்யா பேசுத? நான் கீழத்தெருவுல குடிக்காத வீடு உண்டா? பிள்ளைகள பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, ஜெபத்துக்குப் போனா, ஒவ்வொரு வீட்டுலயும் குடிச்சிட்டுத்தான் வருதேன்.”

“என்னத்தக் குடிச்சீரு?”

“கலர்.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. கலர். ஒவ்வொரு தடவையும் கலர். அவன் தெருவுக்குள் நுழைந்ததுமே யாராவது பெட்டிக்கடைக்கு ஓடுவார்கள்; ஆரஞ்சு நிறத்தில், மூடி போட்ட பாட்டில் வரும்; அவன் கண்ணெதிரே மூடியைத் திறந்து கொடுப்பார்கள். எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்க் குடிப்பான். ஒருநாளும் ஒரு வீட்டிலும் ஒரு செம்புத் தண்ணீர் நீட்டியதில்லை. நீட்டினால் இவர் குடிக்கமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். இவனுக்குத்தான் தெரியவில்லை, தான் அப்படிப்பட்டவன் என்று.

“மூடி போட்ட பாட்டிலு” என்றான் குற்றாலிங்கம். பிறகு தொந்தியின் முதுகிலிருந்து வழிந்த எண்ணெயைக் காட்டினான். அது கல்லிலிருந்து இறங்கி, தண்ணீரில் வானவில் நிறமாகப் பரந்து ஓடியது. “இது எங்கன போகுதுன்னு நெனைக்கீரு? சித்தாத்துல எறங்கி, வாய்க்கால் வழியா உங்க ஊருக் குளத்துக்குத்தான் வே வருது. நான் தேய்க்க எண்ணெய், இவங்க தேய்க்க சோப்பு, சீயக்கா அம்புட்டும். அதத்தான் கீழத்தெருவுல மோந்து குடிக்காக. நீரு கலரு குடியும்.”

ஒத்திகை நடக்கவில்லை. ஏசுதாசன் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை ஆசீர்வாதம் மூப்பர் கூப்பிட்டனுப்பினார். சபையின் மூத்த கமிட்டிக்காரர். பள்ளிக்கூட விவகாரமும் அவர் கையில். தலைமையாசிரியர் வேலை காலியாகி நாலு மாசம் ஆகிறது. ஏசுதாசனுக்குத்தான் என்று வாய்ப்பேச்சு; மூப்பர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. வெல்லம் வைத்துப் பேசுகிற ஆள்.

“வாரும் வாத்தியாரே. கீழத்தெருப் பொம்பள ஒருத்தி சந்தேகம் கேக்காளாமே? நானும் எடுத்துப் பாத்தேன். வாஸ்தவம்தான். குடிச்சாருன்னு இல்ல.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “வேதத்துல இல்லாதத நாம கூட்டக் கூடாது பாரும். பண்டிகையில அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரும். கேட்டார், அதோட விட்ரும். அன்பாப் பேசுததுக்கு நாம என்னைக்கு வேண்டாம்னோம்? ஆண்டவரே பேச்சோட நிறுத்திக்கிட்டாரு.”

“சரிங்கய்யா” என்றது ஏசுதாசன் வாய்.

“உம்ம பேப்பர் மேசை மேலதான் இருக்கு. பண்டிகை நல்லபடியா முடியட்டும்.”

வீட்டுக்கு வந்து ஜெயமணியிடம் சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“ஒரு வரிதான? எடுத்துருங்க. ஆர்டர் வரட்டும், அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் பாடுங்க.”

“வரிய எடுத்தா அவங்களுக்கு என்ன அர்த்தமாகும் ஜெயா? ஆண்டவரும் மேலத்தெருக்காரருதான்னு அர்த்தமாகும்.”

“எடுக்காட்டி?”

“எடுக்காட்டி நான் பொய் சொல்லுதேன்.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “அந்த ஞானப்பூவுக்கு நான் என்ன கொற வச்சேன்? கை வலிக்க வலிக்க எறச்சு ஊத்துதேன். என்னைக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா?”

“நீ ஊத்துத. சரி. அவ ஏன் எறைக்கக் கூடாது?”

ஜெயமணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னைக்குக் கேக்கீங்களே, பதினோரு வருசமா இந்தக் கேள்வி எங்க போயிருந்துச்சு?”

ஊருக்குத்தான் உபதேசம் என்பது மற்றவர்களைப் பற்றிச் சொன்னது என்றே இத்தனை நாளும் அவன் நினைத்திருந்தான். அன்று முழங்காலில் நின்று ஜெபம் பண்ணப் பார்த்தான். ‘ஆண்டவரே, குடிச்சீரா?’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே சாரல்; வெயில் அடிப்பதும் தூறுவதுமாக. கோயில் முன்னால் ஓலைப்பந்தல், வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி. பந்தலின் இடப்பக்கம் மேலத்தெரு, வலப்பக்கம் கீழத்தெரு. யாரும் இப்படி உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கால்கள் தாமாகவே பிரிந்து போயின. பின்னால் கிணற்றடியில் அசனத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள் ஜெயமணி. கப்பிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மூப்பர் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். வழக்கப்படி அவர் வீட்டிலிருந்து பாட்டுக்காரர் தொண்டைக்குச் சுக்குத்தண்ணீர் பித்தளைச் செம்பில் வந்து மேடையோரம் காத்திருந்தது.

ஏசுதாசன் வில்லின் பின்னால் உட்கார்ந்தான். அந்த வரியைப் பாடப்போகிறோமா, விடப்போகிறோமா என்று அந்த நிமிஷம்வரை அவனுக்கே தெரியாது. குற்றாலிங்கம் பக்கத்தில் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, “எந்தப் பக்கம் விழப்போறீருன்னு முன்னாலயே சொல்லிரும் வே. நான் அடிபடாம ஒதுங்கணும்” என்றான்.

கதை தொடங்கியது. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. வெயிலில் நடந்த கால்களைப் பாடினான், கிணற்றின் சுவரைப் பாடினான், ஊர் அடங்கிய உச்சிப்பொழுதில் தனியாக வருகிற பெண்ணைப் பாடினான். யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருத்தி ஏன் தண்ணீருக்கு வருகிறாள் என்று கேட்டான். வலப்பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. இயேசு தண்ணீர் கேட்டார். அவள் திகைத்தாள். வீசுகோல் ஓங்கியது. கூட்டம் அந்த வரிக்காகக் காத்திருந்தது. இடப்பக்கம் கண்ணைத் துடைக்கத் துண்டு தயாராகிவிட்டது.

ஏசுதாசன் கோலைக் கீழே வைத்தான்.

“இந்த இடத்துல நான் பதினோரு வருசமா ஒரு வரி பாடுதேன். அவரு அள்ளி அள்ளிக் குடிச்சாருன்னு. நம்ம ஞானப்பூ கேட்டா, அது வேதத்துல இருக்கான்னு. இல்ல. நான்தான் சேத்துக்கிட்டேன். பாடுதவனுக்கு அது சௌகரியமா இருந்துச்சு. அவரு குடிச்சிட்டாருல்லா, நாம எதுக்குக் குடிக்கணும்? இந்த ஊருக் கீழத்தெருவுல நான் எத்தனையோ கலரு குடிச்சிருக்கேன். ஒருநாளும் தண்ணி குடிச்சதில்ல.”

மூப்பரின் கால் ஆடுவது நின்றது.

“அவரு குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தாகமா இருக்கு. ஞானப்பூ, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா.”

நூறு தலைகள் வலப்பக்கம் திரும்பின. ஞானப்பூ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் ஓடி வருவாள், கூட்டம் அழும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில் அவன் எதிர்பார்த்திருந்தான். பாட்டுக்காரப் புத்தி லேசில் போகுமா?

உட்கார்ந்தபடியே அவள் கேட்டாள். “வாத்தியாரையா, கதைக்குக் கேக்கீங்களா, தாகத்துக்குக் கேக்கீங்களா?”

அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில்தான். ஆனால் வறட்சி வறட்சிதானே. “தாகத்துக்கு” என்றான்.

அவள் எழுந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. எல்லாருடைய பார்வையும் அவளுக்கு முன்னால் கிணற்றடிக்கு ஓடியது. கப்பிச் சத்தம் அங்கே நின்றுபோயிருந்தது. ஞானப்பூ கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, காம்பவுண்டு கேட்டைத் தாண்டி, கீழத்தெருவுக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஏசுதாசனுக்கு அது ஒரு யுகம். கூட்டம் சலசலத்தது. இடப்பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வெளியேறினார்கள். அவன் எழுந்தான், உட்கார்ந்தான், வில்லின் மணி ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தான். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ? வராமலே போய்விட்டால்? அதுவும் அவனுக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. குற்றாலிங்கம் மட்டும் யாரும் கேட்காமலே குடத்தின் வாயில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான், ஒரு ஆள் நடக்கிற கணக்கில்.

மூப்பர் எழுந்து மேடையருகே வந்தார். பித்தளைச் செம்பைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். குரல் அப்போதும் தணிவாகத்தான் இருந்தது. “தாகம்னா இந்தாரும், குடியும். குடிச்சிட்டுக் கதைய முடியும். உம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

செம்பில் சுக்கு மணந்தது. ஏசுதாசனுக்கு அதை வாங்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவு வறட்சி. “வேண்டாங்கய்யா. தண்ணி கேட்டிருக்கேன். வந்துரும்” என்றான். மேசை மேல் இருந்த அந்தப் பேப்பர் அதோடு போயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது. அது பிறகு வரவும் இல்லை.

ஞானப்பூ வந்தாள். இடுப்பில் அவளுடைய குடம், கையில் ஒரு ஈயச் செம்பு. மேடைக்கு முன்னால் வந்து குடத்தைச் சரித்துச் செம்பில் ஊற்றினாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

“இது கிணத்துத் தண்ணி இல்லய்யா. அது யாராவது ஊத்துனாத்தான் எனக்கு. ஊத்துனத உங்களுக்குக் குடுத்தா அது என் தண்ணி ஆகாது. இது குளத்துத் தண்ணி. நாங்க குடிக்கது.”

ஏசுதாசன் வாங்கினான். உள்ளே ஒரு குமட்டல் எழுந்தது. அதை மறைக்க அவனால் முடியவில்லை, அவள் பார்த்துவிட்டாள். ஆனாலும் செம்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, காத்திருந்தாள். அவன் கண்ணை மூடாமல் குடித்தான். மைக் முன்னால் இருந்தது. மடக்கு மடக்கென்று அவன் தொண்டை இறங்குகிற சத்தம் வேப்பமரத்துக் கூம்பிலிருந்து இரண்டு தெருவுக்கும் கேட்டது. சேறும், பாசியும், கடைசியில் நாக்கில் வழுவழுவென்று ஒட்டுகிற எண்ணெயும். கண்ணில் தண்ணீர் முட்டியது. பாட்டில் எத்தனையோ முறை அவன் வரவழைத்த கண்ணீர் போல் அது இனிமையாக இல்லை.

குற்றாலிங்கம் கையை நீட்டினான். “எனக்கும் கொஞ்சம் ஊத்து தாயி. நான் தேய்ச்ச எண்ணெய்தான். நானும் குடிக்க வேண்டாமா?” குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு மைக் பக்கம் குனிந்து, “ஆமா” என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

ஞானப்பூ ஈயச் செம்பை வாங்கிக்கொண்டாள். குடத்தில் மிச்சம் இருந்ததைப் பந்தலுக்கு வெளியே கொட்டினாள்.

“கதையில அந்தப் பொம்பள குடத்த வச்சிட்டுப் போயிருதா. அவளுக்கு வேற தண்ணி கெடச்சிது, போனா. எனக்குக் குடம் வேணும்யா.”

சொல்லிவிட்டுக் கிணற்றைப் பார்த்து நடந்தாள். குடம் வைக்கிற கல் வந்தது. நிற்கவில்லை. அந்தப் பத்தடியையும் நடந்தாள்.

ஏசுதாசன் மேடையிலிருந்து குதித்து ஓடினான். கிணற்றுச் சுவரோரம் ஜெயமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மூப்பரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “ஜெயமணி! கயித்த விடாத!”

ஜெயமணி மூப்பரைப் பார்த்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். ஊரையே அழவைத்த வாய்க்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்ல ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியது இனி அவள் கையில் இருந்தது, இவன் பாட்டில் இல்லை.

அவள் கயிற்றை ஞானப்பூவிடம் நீட்டினாள்.

ஞானப்பூ வாங்கி இழுத்தாள். பழக்கமில்லாத இழுப்பு, கப்பி கிரீச்சென்று கத்தியது, வாளி சுவரில் இரண்டு தடவை மோதியது. பாதித் தண்ணீர் சிந்தி மீதி மேலே வந்தது. அவள் தன் குடத்தை எடுக்கக் குனிந்தாள். அதற்கு முன் ஜெயமணி தன் குடத்தைத் தூக்கி அவள் முன்னால் பிடித்தாள்.

“ஏட்டி ஞானப்பூ, மொதல்ல எனக்கு ஊத்து.”

ஞானப்பூ வாளியை இரண்டு கையாலும் தூக்கினாள். சரித்து ஊற்றினாள். வாளியின் விளிம்பு குடத்தின் வாயில் இடித்தது. இடித்தபடியே தண்ணீர் இறங்கியது.